எட்டுப் பக்கற் சீனி

நாங்கள் பொதி கட்டிய மண்டபத்தை இப்போது ரியூசன் வகுப்புக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். போன கிழமை தபாற்கந்தோருக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அரிசி மூட்டை அடுக்கிய சுவரில் கணிதச் சூத்திரம் எழுதிய மட்டைகள் தொங்குகின்றன. நாங்கள் பருப்பு நிறுத்த மேசை மட்டும் யன்னலோரம் அதே இடத்தில் கிடக்கிறது. அதன் ஒரு கால் அப்போதும் ஆடும், இப்போதும் ஆடுகிறது. அங்கே நின்றபோது எனக்கு மைசூர்ப் பருப்பு மணத்தது. உண்மையில் மணத்ததா, மனதில் மட்டும் மணத்ததா தெரியாது. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏங்கினேன். வெட்கப்படவும் செய்தேன். அந்த மண்டபத்தை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

நாட்டில் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை என்று சனம் வெயிலில் வரிசை வரிசையாக நின்ற காலம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து வெளிநாடு போன பிள்ளைகள் சிலர் காசு சேர்த்து அனுப்பினார்கள். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இரண்டு கிழமைக்கு ஒருதரம் உலர் உணவு பொதியாகக் கட்டிக் கொடுத்தோம். வாசலில் ‘உணவு வங்கி’ என்று பெயர்ப்பலகை வைத்தோம். சனம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘பொதி மண்டபம்’ என்றுதான் சொல்லும். ஆட்டோக்காரர்களும் அப்படிச் சொன்னால்தான் கொண்டுவந்து இறக்குவார்கள்.

பொதியில் என்னென்ன போடுவது என்று எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே போய் வாங்கிக்கொண்டேன். முப்பத்தொரு வருசம் மனையியல் படிப்பித்தவள் இருக்க வேறு யார் எழுதுவது? கரும்பலகையில் பெரிதாக ஒரு வட்டம் கீறி, அதை மூன்றாகப் பிரித்து, சக்தி தருவது, உடலை வளர்ப்பது, நோயிலிருந்து காப்பது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அரிசியில் தவிட்டைப் போக்கினால் கூடவே என்னென்ன போகும் என்று நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் எழுதிய பட்டியல் இது: வெள்ளைச் சம்பா அரிசி, கோதுமை மா, சீனி, தேயிலை, நூடில்ஸ், கிறீம் பிஸ்கட், கொஞ்சம் பருப்பு, கிடைத்தால் பால்மா. அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கஞ்சத்தனம் இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் வெள்ளைச் சோறு போடுவோம், சீனி தூக்கலாகத் தேத்தண்ணி கொடுப்போம், தட்டில் கிறீம் பிஸ்கட் வைப்போம். சிவப்பரிசியும் கேழ்வரகுக் குரக்கனும் கருவாடும் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் சாப்பிடுவது. வந்தவர்களுக்கு முன்னால் அதை வைத்தால், தங்களை என்னவென்று நினைத்தார்கள் என்று ஊர் முழுக்கக் கதை போகும். இல்லாதவர்களுக்குக் கொடுக்கும்போது அந்த மரியாதை இன்னும் கூட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. படிப்பித்ததெல்லாம் பரீட்சைக்கு, பழகியதுதான் கைக்கு வரும்.

எங்களுக்குச் சாமான் தந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மொத்தக் கடைக்காரர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைச் சொல்வதுபோல் ‘நானா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பட்டியலைப் பார்த்த அன்றே அவர் இரண்டு கடதாசிப் பைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒன்றில் சிவப்புப் பச்சையரிசி, மற்றதில் கௌபிப் பயறு. அதே செலவுக்கு இதைத் தரலாம், இது வயிற்றில் நெடுநேரம் நிற்கும், சீனியையும் மாவையும் பாதியாகக் குறையுங்கள் என்றார். சிவப்பரிசியில் வண்டு விழும், ஏழைகள்தானே என்று நினைத்துக் கழித்ததைக் கொடுத்தார்கள் என்று சனம் சொல்லும், கொடுக்கிறதை நல்லதாகக் கொடுப்போம் என்றேன். நல்லது எதுவென்று டீச்சருக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு, கொட்டியதை அள்ளிக்கொண்டு போனார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் அந்த மண்டபம் எனக்குத் தந்த சந்தோசத்தை இல்லையென்று சொல்ல மாட்டேன். காலை எட்டு மணிக்கெல்லாம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவோம். ஒருத்தி அரிசி நிறுப்பாள், ஒருத்தி பையைப் பிடிப்பாள், ஒருத்தி மெழுகுதிரியில் பைவாயைச் சூடு காட்டி ஒட்டுவாள். பதினொரு மணிக்கு இஞ்சித் தேத்தண்ணி வரும். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் வீதிகளில் மாடுகள் மாதிரித் திரிகிற மான்கள் இரண்டு மூன்று வாசலுக்கு வந்து, நாங்கள் எறிந்த பெட்டி மட்டைகளைச் சப்பத் தொடங்கும். யாரும் கலைப்பதில்லை. பென்சன் எடுத்த பிறகு என்னை யாருமே தேடுவதில்லை என்று மூலையில் இருந்து மூக்குச் சிந்திக்கொண்டிருந்தவள் நான். அங்கே போனதும் எனக்குப் பத்து வயசு குறைந்தது.

மூன்றாவது தரம் பொதி கொடுத்தபோது வரிசையில் என் சிநேகிதி நின்றாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். என் அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அதனால் எனக்கு இடைவேளைக்குப் பாண். பாணில் மாஜரீன் பூசி அதன்மேல் சீனி தூவி அம்மா மடித்துத் தருவார். அவளுக்கு வாழையிலையில் குரக்கன் பிட்டும், ஓரத்தில் பொரித்த நெத்தலியும். மணி அடித்ததும் அவள் என் பெட்டியை எட்டிப் பார்த்து, “இண்டைக்கு என்ன?” என்பாள். என்ன என்று அவளுக்குத் தெரியும். பாண்தான். ஆனாலும் கேட்பாள். என் சீனிப் பாண் அவளுக்குப் போகும், அவளின் பிட்டு எனக்கு வரும். ஐந்து வருசம் அப்படித்தான் சாப்பிட்டோம். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு அந்தக் குரக்கன் பிட்டின் வாசம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

அவள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவரைக் கட்டினாள். சண்டைக் காலத்தில் வீடு எரிந்து, கைப்பிள்ளையோடு இரண்டு வருசத்துக்கு மேல் அகதி முகாமில் இருந்தாள். நான் படித்தேன், டீச்சரானேன், மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. எந்தக் காலத்திலும் நிவாரண வரிசையில் நான் நின்றதில்லை. அதை அப்போது பெரிய விசயமாக நினைத்ததுமில்லை. புருசன் செத்து, என்னிடம் படித்த மகளும் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போன பிறகு, அவள் துறைமுகப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் தனியே இருந்து இடியப்பம் பிழிந்து வித்தாள். விடிய வீடு வீடாக நடந்து கொடுப்பாள். சிவப்பு மாவில் பிழிந்தால் நல்லது, ஆனால் சனத்துக்கு வெள்ளைதான் வேணும் என்று என் வீட்டுப் படலையில் நின்று சிரிப்பாள். படலையில் நாங்கள் ‘எடியே’ போட்டுத்தான் கதைப்போம். எரிக்க எண்ணெய் இல்லாமல், மா விலையும் ஏற, அந்தத் தொழில் படுத்துவிட்டது.

வரிசையில் அவள் என்னை “டீச்சர்” என்றாள். எனக்கு முகம் எரிந்தது. பொதியைக் கையில் கொடுக்கக் கூசியது. அடுத்த தரம் அவளுடைய முறை வந்தபோது, மேசைக்குக் கீழே வைத்திருந்த ஒரு பக்கற் சீனியை யாருக்கும் தெரியாமல் அவளின் பைக்குள் போட்டேன். சீனிப் பாணுக்கு உயிரை விட்டவள்தானே. அன்பைக் காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான், இனிப்பாக எதையாவது கையில் வைத்துவிடுவது. அவள் பைக்குள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். நன்றியில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்து அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த வாகை மரத்து விவகாரம் வந்தது. மண்டபத்துக்கு முன்னால், வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வாகை மரம் நிற்கிறது. பொதி வாங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் அதன் கீழ் கூடுகிறார்கள் என்று ஒருத்தி வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன். சாரத்தையும் சீலைத்துண்டையும் நிலத்தில் விரித்து, நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய பொதிகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தியின் தமையன்மார் கிளிவெட்டியில் வயல் செய்பவர்கள். அவள் சிவப்பரிசியும் பயறும் குரக்கன் மாவும் வைத்திருந்தாள். கடற்கரைப் பக்கத்து ஒருத்தி நெத்தலிக் கருவாடு. இன்னொருத்தி நாலு முட்டையும் ஒரு கட்டு முருங்கையிலையும். மாவைக் கொடுத்து முட்டை வாங்குவதும், பிஸ்கட்டைக் கொடுத்துப் பயறு வாங்குவதுமாக ஒரே கலகலப்பு. அதற்கு நடுவில் என் சிநேகிதி இருந்தாள். நான் ஒளித்துக் கொடுத்த சீனியைக் கிளிவெட்டிக்காரியின் மடியில் வைத்துவிட்டு, குரக்கன் மா வாங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தை விட மனவருத்தம்தான் பெரிது. அதைக் காட்டத் தெரியாததால் கோபத்தைக் காட்டினேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். கடல் கடந்து பிள்ளைகள் பனியில் உழைத்து அனுப்புகிற சாமான் இது, நடுவீதியில் வைத்து வியாபாரம் பண்ணவா என்று கேட்டேன். வகுப்பில் கடைசி வாங்குவரை கேட்கிற குரல் எனக்கு இன்னும் இருந்தது. பெண்கள் விரித்த துணிகளைச் சுருட்டினார்கள். என் சிநேகிதி சீனிப் பக்கற்றைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தாள். நிலத்தைப் பார்த்தபடியே போனாள். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த பொதிக்கு முன் சட்டம் போட்டேன். எல்லாப் பக்கற்றிலும் சிவப்புப் பேனாவால் கோடு கீறினேன். கொடுத்ததை மாற்றினாலோ வித்தாலோ அடுத்த பொதி இல்லை என்று பெரிதாக எழுதி வாசலில் ஒட்டினேன். நானா அதை நின்று வாசித்தார். தலையைச் சொறிந்தார். மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். மரத்தடி வெறுமையாகிவிட்டது. ஒழுங்கு வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

கோபம் இருந்தாலும் பாசம் விடவில்லை. என் சிநேகிதிக்கு மேலதிகமாக ஒரு பக்கற் சீனி போடுவதை நான் நிறுத்தவில்லை. இது நீ குடிக்கிறதுக்கு, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று காதுக்குள் சொல்வேன். “ஓம் டீச்சர்” என்பாள். இப்படி நாலு தரம் வாங்கினாள். ஐந்தாவது தரம் அவள் வரவில்லை. கோபித்துக்கொண்டு நிற்கிறாள், நிற்கட்டும் என்று நானும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனம் கேட்கவில்லை. அவளின் பொதியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

கதவு திறந்து கிடந்தது. அவள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். வலது கால் இன்னொரு கதிரையில். பாதம் முழுக்கக் கட்டு. வீட்டில் மருந்து நெடி அடித்தது. பக்கத்தில் ஒரு தட்டில் காய்ந்த ரொட்டித் துண்டு. அது எங்கள் மா. குசினிப் பக்கம் பார்த்தேன், பானையில் எங்கள் வெள்ளைச் சோறு. வேறு ஒன்றும் இல்லை.

விறகு கொத்தும்போது சிராய் குத்திய சின்னக் காயம்தானாம். ஆறவில்லை. நாளுக்கு நாள் கறுத்து ஏறியது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்த டொக்டர் சீனியின் அளவைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாராம். வருகிற வியாழக்கிழமை போக வேண்டும். விரலோடு நிற்குமா, பாதத்தையே எடுக்க வேண்டுமா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள். அவள் இதையெல்லாம் அடுத்த வீட்டுக்காரரின் கதை மாதிரிச் சொன்னாள். பாதம் போனால் அவள் எப்படி விடிய வீடு வீடாக நடப்பாள்? அதை அவள் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன்.

பதினொரு வருசமாக அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. எனக்குத் தெரியாது. கிழமைக்கு நாலு நாள் அவளின் இடியப்பம் சாப்பிட்ட எனக்குத் தெரியாது. ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வருத்தக்காரி பிழிஞ்ச இடியப்பத்தை ஆர் வாங்குவினம்?” என்றாள். “பொதிக்கு வந்து நிண்டு, எனக்கு இது வேண்டாம், அதைத் தாங்கோ எண்டு கேக்கவும் ஏலாது. வாங்க வந்தவைக்கு வாய் இருக்கக் கூடாது. முகாமிலை பழகினது. அங்கையும் மாவும் சீனியும்தான் மூட்டை மூட்டையாத் தருவினம். நாங்கள் வேலியோரம் இருந்து மாத்திப் போடுவம். பிள்ளை பெத்தவளுக்குப் பருப்பு, கிழடுகளுக்குப் பயறு, சின்னனுகளுக்குப் பால்மா. அங்கை ஒருத்தரும் எங்களை மறிக்கயில்லை.”

 நான் போட்ட சட்டத்துக்குப் பிறகு அவளுக்கு மாற்ற வழியில்லை. வாங்கவும் வழியில்லை. காலையில் ரொட்டி, மத்தியானம் வெள்ளைச் சோறும் தண்ணியாய் ஒரு பருப்பும், இரவைக்கு நூடில்ஸ். இரண்டு மாதம். கிளினிக்கில் கொடுக்கிற குளிசையும் அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அதை வைத்து நான் தப்பலாம் என்று ஒரு கணம் மனம் ஓடியது. அவள் விடவில்லை.

“நீ வகுப்பிலை கீறின வட்டம் என்ரை மகளின்ரை கொப்பியிலை இருக்கு,” என்றாள். “கலர் அடிச்சு, கீழை நீ சரி போட்டிருக்கிறாய். அந்த வட்டத்தைத்தான் நாங்கள் மரத்துக்குக் கீழை இருந்து நிரப்பினனாங்கள். நீ வந்து அழிச்சுப் போட்டாய்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். ஏசாததால் நான் அந்தச் சீமெந்து நிலத்தில் இருந்து அழுதேன். அழுகிறவளைத் தேற்ற வேண்டியதும் அவளாகிவிட்டது.

வந்த ஆட்டோவிலேயே நேரே நானாவின் கடைக்குப் போனேன். எனக்குப் பிழை ஒப்புக்கொள்வது வேப்பங்காய். ஆனாலும் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. தன் தாயாருக்கும் அதே வருத்தம்தான், அதனால்தான் அன்றைக்கு அந்தப் பைகளைக் கொண்டுவந்ததாகச் சொன்னார். பட்டியலை அங்கேயே, கடைக் கல்லாவின் மேல் வைத்து, கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினோம். சிவப்பரிசி, கௌபி, பயறு, பருப்பு இரண்டு மடங்கு, ரின்னில் அடைத்த மீன், கொஞ்சம் குரக்கன் மா. சீனி பாதி. கிறீம் பிஸ்கட்டை நான் வெட்டினேன். சின்னப் பிள்ளைகளின் சாபம் வேண்டாம் என்று நானா அதைத் திரும்பச் சேர்த்தார்.

அடுத்த பொதி நாளில் வாசலில் ஒட்டிய கடதாசியை எல்லோரும் பார்க்கக் கிழித்தேன். வரிசையின் முன்னால் நின்று, நான் செய்தது பிழை என்றேன். முப்பத்தொரு வருசத்தில் ஒரு வகுப்பிலும் நான் சொல்லாத வசனம் அது.  சனம் சிரிக்கவில்லை, கை தட்டவுமில்லை. கிளிவெட்டிக்காரி மட்டும், “அப்ப மரத்துக்குக் கீழை இருக்கலாமோ டீச்சர்?” என்று கேட்டாள். வெயில் சுடும், உள்ளே வாருங்கள் என்றேன்.

பருப்பு நிறுத்த மேசையைத் துடைத்து நடுவில் இழுத்துப் போட்டோம். வேண்டாததை அதில் வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். வீட்டில் இருப்பதையும் கொண்டுவந்து வைக்கலாம். ‘மாத்து மேசை’ என்று சனமே பெயர் வைத்தது. அந்த மேசைக்கு நான் ஒரு சட்டமும் போடவில்லை. கதிரையில் இருந்து வாயை மூடிக்கொண்டு பார்த்தேன், அதுவே எனக்குப் பெரிய தவம். யார் வீட்டில் கர்ப்பிணி, யாருக்குப் பிரசர், எந்தக் கிழவருக்குப் பல் இல்லை என்று அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ‘உங்கடை மனிசனுக்குக் கருவாட்டு உப்புக் கூடாது, முட்டையைக் கொண்டு போங்கோ’ என்று ஒருத்தி மற்றவளின் கையைத் தட்டிவிடுவாள். முருங்கையிலையும் வல்லாரையும் மேசை நிறையக் குவிந்து கிடக்கும். மண்டபம் முழுக்கப் பச்சிலை வாசம் வீசும். மான்களுக்கும் அன்றைக்கு மட்டையை விட நல்ல சாப்பாடு. அந்த நாட்களைத்தான் நான் இன்றைக்கும் தேடுகிறேன்.

மாத்து மேசை வருவதற்கு முன்பே, அந்த வியாழக்கிழமை, நான் அவளோடு போனேன். ஆஸ்பத்திரி வாங்கில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு பார்க்கப் போன நாளிலும் இப்படித்தான் பிடித்தாள். இரண்டு விரலை எடுக்க வேண்டும், மற்றதை இனி வருகிற சீனியின் அளவுதான் தீர்மானிக்கும் என்றார் டொக்டர். விரல்கள் போயின. அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்க்கும்போது எனக்கு உயிர் போய் வரும். சிவப்பரிசிச் சோறும் கீரையும் பயற்றங்கறியுமாக நான் கொண்டு போவேன். மாத்து மேசையிலிருந்து யாராவது ஒருத்தி முட்டையோ மீனோ எனக்கு முன்பே கொண்டுபோய் வைத்திருப்பாள். காயம் மெல்ல மெல்லச் சிவந்து மூடியது. பாதம் தப்பியது. எந்தத் தெய்வத்துக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் கோணேசர் கோயில் படி முழுக்க ஏறி இறங்கினேன்.

பிறகு காஸ் வந்தது, கடைகளில் சாமான் வந்தது, வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசும் குறைந்தது. மண்டபத்தை மூடுகிற நாள் வந்தது. கடைசிப் பொதியெல்லாம் கொடுத்து முடிந்து, நானும் இன்னும் இரண்டு பேரும் சாக்கை உதறிக்கொண்டிருந்தோம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் சிநேகிதி ஊன்றுகோலைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். கையில் ஒரு பாரமான பை. நேரே மாத்து மேசைக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து ஒன்றொன்றாக எடுத்து அடுக்கினாள். எட்டுப் பக்கற் சீனி. எல்லாம் கடற்காற்றுக்குக் கல்லாக இறுகியிருந்தன. எல்லாவற்றிலும் என் சிவப்புப் பேனாக் கோடு.

சட்டம் போட்ட பிறகு அவள் வாங்கிய நாலு பொதியிலும் வந்த சீனி நாலு. அவற்றோடு நான் ஒளித்துக் கொடுத்தது நாலு. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை, ஒருவருக்கும் கொடுக்கவுமில்லை.

“இதென்னடி?” என்றேன்.

“மாத்தக் கூடாதெண்டு சொன்னனீயல்லோ. நீ பாசத்திலை தந்தது, எறியவும் மனம் வரயில்லை. அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினனான்,” என்றாள். “இப்ப மாத்தலாமெண்டு சொல்லுறாய். அதுதான் கொண்டந்தனான்.”

மேசையில் அதற்கு மாற்றாகக் கொடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நாலு முருங்கையிலைக் காம்பும் கொஞ்சம் பருப்புத் தூசியும்தான் கிடந்தன. நான் கையைப் பிசைந்தேன். அவள் என் பின்னால் யன்னற் கட்டில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இண்டைக்கு என்ன?” என்றாள்.

 பெட்டியை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அன்று விடியற்காலை எழும்பி, வாழ்க்கையில் முதல் தரமாக நானே குழைத்து அவித்த குரக்கன் பிட்டு. ஓரத்தில் பொரித்த நெத்தலி. அவள் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். எவ்வளவோ நேரம் மென்றாள்.

“மா இறுகிப் போச்சு, தேங்காய்ப்பூவும் காணாது,” என்றாள். “முப்பத்தொரு வருசம் என்னத்தையடி படிப்பிச்சனீ?”

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, இரண்டு விரல் இல்லாத காலை நீட்டிக்கொண்டு இருந்து, கடைசிப் பிடிவரை சாப்பிட்டு முடித்தாள்.